ஏற்காட்டு மலைத்தடங்களில் சுற்றுலா: ஊர் கூடி விதி வகுப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

மே மாதம் கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் நடக்கும் நாட்களில், சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அந்த நெரிசல் எல்லோர் கண்ணிலும் படுகிறது, செய்தியாகவும் வருகிறது. தார்ச்சாலையை விட்டு உள்ளே பிரியும் ஒற்றையடித் தடங்களில் நடப்பது அப்படிப் படுவதில்லை. காபித் தோட்டத்து வேலைக்கும், ஊற்றுத் தண்ணீருக்கும், பள்ளிக்கூடத்துக்கும், சேர்வராயன் கோயிலுக்கும் ஊர்க்காரர்கள் நடந்து நடந்து உண்டான தடங்கள் அவை. இப்போது அதே தடங்களில் மலையேற்றக் குழுக்கள், ஜீப் சவாரி, மலைச் சைக்கிள், கூடாரத் தங்கல், ஓட்டப்போட்டி, திருமணப் படப்பிடிப்பு என்று கட்டணம் வாங்கி நடத்தும் தொழில்கள் வந்துவிட்டன.

இதை முறைப்படுத்த "மக்கள் கருத்து" கேட்பது வழக்கம்தான். கேட்ட கருத்து பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. எந்தத் தடம், எத்தனை பேர், எந்த மாதம், யார் கண்காணிப்பது என்று அதில் இல்லாததுதான் காரணம். ஊரின் கருத்தை அளந்து எழுதிய விதியாக மாற்றும் வேலையை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது. வார்டு உறுப்பினர், மகளிர் சுய உதவிக் குழு, கிராம வனக்குழு, உள்ளூர் வழிகாட்டி இளைஞர்கள், யார் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

காலக்கணக்கை முதலில் போடுங்கள்

மொத்த வேலைக்கும் 5 மாதம் வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையை இலக்காக வைத்துப் பின்னோக்கி எண்ணுவதே ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்குப் பொருந்தும். மே மாதம் கூட்டம் உச்சத்தில் இருக்கும், அப்போது ஆள் கணக்கு எடுக்க வேண்டும். ஜூன், ஜூலை மழையில் தடத்தை அளந்தால் தண்ணீர் எங்கே அறுக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆகஸ்ட் 15 சபையில் கணக்கை ஊர் முன் வைத்துவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் குழுக்குழுவாகப் பேசி, அக்டோபர் 2-இல் தீர்மானம். நவம்பரில் காபிப் பழம் பறிக்கும் வேலை சூடுபிடித்துவிட்டால் பிப்ரவரி வரை யாரையும் கூட்டத்துக்கு அழைக்க முடியாது, அழைக்கவும் கூடாது.

படி 1: ஒரே ஒரு தடம்

"ஏற்காட்டுச் சுற்றுலா" என்று மொத்தமாக எடுத்தால் பேச்சு பேச்சாகவே முடியும். அதிகம் அடிபடும் ஒரு தடத்தைத் தேர்ந்தெடுங்கள். 2 முதல் 4 கிலோமீட்டர் வரை போதும். வயதான ஒருவர், காபி பறிக்கும் பெண் ஒருவர், ஜீப் ஓட்டுநர் ஒருவர், தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அல்லது மேஸ்திரி ஒருவர் என நான்கைந்து பேர் சேர்ந்து நடக்க வேண்டும். கைப்பேசியில் தடப்பதிவுச் செயலியை ஓட விட்டு, ஊற்று, ஓடை கடக்கும் இடம், கோயில், கல்லறை, காட்டெருமை குறுக்கே போகும் இடம், வண்டி நிறுத்தும் இடம், குப்பை சேரும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து நடக்கும்போதே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். ஜீப் ஓட்டுநர் திரும்புமிடம் என்று நினைத்த மேட்டில் ஊருக்குத் தண்ணீர்க் குழாய் புதைந்திருக்கலாம்.

படி 2: தடம் யார் நிலத்தில் போகிறது?

வேலையின் அச்சாணி இதுதான். இதைத் தவிர்த்துவிட்டுப் போடும் எந்தத் தீர்மானமும் நிற்காது. 3 கிலோமீட்டர் தடம் ஒன்று நான்கு வகை நிலத்தைத் தாண்டிப் போவது இந்த மலையில் சாதாரணம். ஒவ்வொரு துண்டிலும் முடிவெடுக்கும் அதிகாரம் வேறு ஒருவரிடம் இருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணுக்குமான அளவுப் படம்), 'அ' பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணின் வகையும் உரிமையாளரும் எழுதிய பதிவேடு) மூன்றையும் பாருங்கள். பாதை என்று தனிப் புல எண் இருந்து, புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் அது பொதுவழி. ஊராட்சிப் பராமரிப்பில் இருந்தால், அந்தத் துண்டில் ஊராட்சி நேரடியாக வேலை செய்யலாம். பொதுமக்கள் நடப்பதை யாரும் அடைக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். இங்கே கட்டுப்படுத்தக் கேட்பது வணிகப் பயன்பாட்டை மட்டுமே.

இரண்டாவது வகை பட்டா நிலம், பெரும்பாலும் காபித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பிறகு உருவான தோட்டங்களின் ஊடே ஊர்வழிகள் போகின்றன. புலப்படத்தில் பாதை இல்லாவிட்டாலும், 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்திய வழிக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அரசு நிலமானால் 30 ஆண்டுகள். ஆனால் ஊர்க்காரர் நடந்துபோகும் உரிமையைக் காட்டி, வெளியூர் நிறுவனம் தினம் 60 பேரை அழைத்து வர முடியாது. அதற்குத் தோட்ட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இந்த வேறுபாட்டை உரிமையாளரிடம் தெளிவாகச் சொன்னால், பெரும்பாலும் அவரும் ஊரின் பக்கம் நிற்பார். கதவு போட்டு மொத்தமாக அடைத்துவிடுவாரோ என்ற அச்சமும் குறையும்.

மூன்றாவது, காப்புக்காடு. இங்கே அனுமதி தருவது வனத்துறை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் சிக்கி உயிரிழந்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு தமிழ்நாட்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் சேலம் மாவட்டத்துப் பாதைகளும் உண்டு. இணையப் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்று அது இயங்குகிறது. உங்கள் தடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியலில் இல்லாத காப்புக்காட்டுத் தடத்தில் அனுமதியின்றி ஒரு நிறுவனம் ஆள் கூட்டிப் போனால், அது ஊரின் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டது, நேரடியாகச் சட்ட மீறல்.

காப்புக்காட்டில் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு இன்னொரு வலுவான வழி இருக்கிறது: 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சமூக உரிமைகளுக்குப் படிவம் 'பி'. ஊர் காலங்காலமாகக் காத்துவரும் காட்டை நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் 'சி'. வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தடம் பழமையானது என்பதற்கு ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்றாக ஏற்கப்படும். ஆவணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். சாமி கும்பிடும் இடம், பழைய ஊற்று, இடுகாடு போன்ற கண்ணால் காணும் அடையாளங்களும் சேரும். உரிமை ஏற்கப்பட்டால், சுற்றுலா பற்றிய ஊரின் சொல் கோரிக்கை என்ற நிலையிலிருந்து நிர்வாக முடிவு என்ற நிலைக்கு உயர்கிறது.

நான்காவது நெடுஞ்சாலை ஓரம். வண்டி நிறுத்தமும் கடைகளும் இங்கேதான் சேரும். நெடுஞ்சாலைத் துறையும் காவல் துறையும் பொறுப்பு.

நான்கையும் ஒரே வரைபடத்தில் நான்கு நிறத்தில் தீட்டி, ஊர்க்கோயில் சுவரிலோ ரேஷன் கடையிலோ ஒட்டுங்கள். இனி வரும் எல்லாக் கூட்டத்துக்கும் அதுவே அடிப்படை.

படி 3: ஆள் கணக்கு

இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, இரண்டு சாதாரண நாள், ஒரு விழா நாள். மொத்தம் 7 நாள், காலை 6 முதல் மாலை 6 வரை. தடத்தின் இரு முனையிலும் ஒவ்வொருவர், 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். 15 நிமிடத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும்: உள்ளூரா வெளியூரா, நடையா இருசக்கரமா ஜீப்பா, குழுவில் எத்தனை பேர், கட்டண வழிகாட்டி உண்டா. பெயரோ வண்டி எண்ணோ எழுத வேண்டாம். ஆளை வேவு பார்ப்பதாக எண்ணம் வந்தால் சண்டைதான் மிஞ்சும்.

உள்ளூர் நடையைத் தனியாக எழுதுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் "இந்தத் தடத்தை யாரும் பயன்படுத்துவதில்லை" என்று எவராவது சொன்னால், பதில் சொல்ல அந்த ஒரு கட்டம்தான் கையில் இருக்கும்.

படி 4: தடத்தை அளப்பது

100 மீட்டருக்கு ஒரு இடம், கூடவே சேதம் மிகுந்த ஐந்து இடங்கள். தடத்தின் இருபுறமும், மிதிபடாத நிலத்தில், ஒவ்வொரு முளை அடித்து நைலான் கயிற்றை மட்டமாக, விறைப்பாகக் கட்டுங்கள். கயிற்றிலிருந்து தரை வரை 10 செ.மீ. இடைவெளியில் ஆழத்தை அளந்து எழுதுங்கள். ஆழங்களைச் செ.மீ.-இல் கூட்டி 10-ஆல் பெருக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். அடுத்த ஆண்டு அதே முளையில் அளந்தால் எவ்வளவு மண் போயிருக்கிறது என்பது எண்ணாக வரும். அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில், அதே திசை பார்த்து ஒரு புகைப்படம். தடத்தின் அகலத்தையும், பக்கத்தில் புதிதாகப் பிரிந்த கிளைத்தடங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். சேறான இடத்தைத் தவிர்க்க ஆட்கள் ஓரமாக நடப்பதால்தான் தடம் அகலமாகிறது. கிளைத்தடம் கூடுகிறது என்றால் அங்கே வடிகால் சரியில்லை என்று அர்த்தம்.

சேதம் எல்லாவற்றையும் சுற்றுலா மேல் போட வேண்டாம். செங்குத்தாகக் கீழிறங்கும் தடம், ஆள் நடக்காவிட்டாலும் ஓடையாகத்தான் மாறும். சரிவைப் பாருங்கள்: 100 மீட்டர் நடக்கும்போது 10 மீட்டருக்கு மேல் ஏறினால் கவனம் தேவை. தண்ணீரை ஓரமாகத் திருப்பும் குறுக்குக் கற்கள் 5 சதவீதச் சரிவில் 40 மீட்டருக்கு ஒன்று, 10 சதவீதத்தில் 25 மீட்டருக்கு ஒன்று, 15 சதவீதத்தில் 18 மீட்டருக்கு ஒன்று என்பது பொதுக்கணக்கு. கரையக்கூடிய மண் என்றால் இன்னும் நெருக்கமாக வையுங்கள். கல்லைத் தடத்துக்கு நேர்க்குறுக்காக வைத்தால் மண் தேங்கி, ஒரே மழையில் மூடிவிடும். 45 பாகை சாய்வாக வைத்தால் தண்ணீரே அதைக் கழுவிக்கொண்டு போகும். நடப்பவர்களைக் குறைத்தாலும் வடிகாலைச் சரிசெய்யாவிட்டால் தடம் தேறாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே தீர்மானத்தில் எழுத வேண்டும்.

படி 5: கருத்துக் கேட்பு

ஏற்காடு டவுனில், ஓட்டல் கூடத்தில், காலை 11 மணிக்கு நடத்தும் கூட்டத்துக்கு விடுதி உரிமையாளர்களும் அலுவலர்களும் மட்டுமே வர முடியும். அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பறிப்புப் பெண்கள் வர மாட்டார்கள். கூட்டம் ஊருக்கு வர வேண்டும். மாலை 6 மணிக்கு மேல், ஊர்ப்பொது இடத்தில், ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டருக்கு முன்பே தகவல் சொல்லி நடத்துங்கள்.

எடுத்த எடுப்பில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்காதீர்கள். முதலாளி முன் தொழிலாளி பேச மாட்டார், மாமனார் முன் மருமகள் பேச மாட்டாள். பெண்கள், தோட்ட உரிமையாளர்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள், ஜீப் ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும், மிளகு காபித்தூள் விற்கும் சிறு கடைக்காரர்கள் என ஐந்து அமர்வு. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

ஒவ்வொருவர் கையிலும் 5 காபிக்கொட்டை கொடுங்கள். தரையில் விரித்த வரைபடத்தில், "எங்கே உங்களுக்குத் தொந்தரவு?" என்று கேட்டு அந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எண்ணி எழுதிக்கொண்டு, மறுபடி அதே 5 கொட்டை: "எங்கே உங்களுக்கு வருமானம்?" பேசத் தயங்குபவரும் கொட்டை வைப்பார். இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் கொட்டை குவிந்தால், பேச்சுவார்த்தை நடக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு ஊருக்குக் கிடைக்கும் ஜீப் வாடகை இன்னொரு ஊருக்குப் புழுதியாக வந்து சேர்வது அப்போது வெளிச்சத்துக்கு வரும். சுற்றுலாவால் பிழைப்பவர்களை எதிரியாக வைத்துப் பேசினால் விதி ஒரு மாதம்கூட நிற்காது. தடத்தில் தினமும் இருப்பவர்கள் அவர்கள்தான், நாளை கண்காணிக்கப் போவதும் அவர்கள்தான்.

ஐந்து அமர்வும் முடிந்த பிறகு ஒரு பொது அமர்வு. அதில் புதிதாகக் கருத்துக் கேட்க வேண்டாம். ஐந்து அமர்வில் வந்ததை உரக்கப் படித்து, ஒத்துப்போவதையும் முரண்படுவதையும் தனித்தனியாக எழுதினால் போதும்.

படி 6: எண்ணிக்கையை முடிவு செய்வது

"எத்தனை பேரைத் தாங்கும்?" என்பதற்கு அறிவியல் ஒரே எண்ணைத் தராது. எந்த அளவு மாற்றத்தை ஊர் ஏற்கும் என்று முதலில் முடிவெடுத்து, அதற்கேற்ற எண்ணுக்கு வர வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு:

காலை 7 முதல் 9 வரை தண்ணீருக்கும் பள்ளிக்கும் நடை. மாலை 3.30-க்கு மேல் தோட்டத்திலிருந்து சுமை இறங்கும். ஆக வணிகக் குழுக்களுக்கு 9 முதல் 3.30 வரைதான். போய்வர 2 மணி நேரம் ஆகும் என்றால் கடைசிக் குழு 1.30-க்குக் கிளம்ப வேண்டும். உச்சிப் பாறையில் இரண்டு குழு சந்திக்காமல் இருக்க 45 நிமிட இடைவெளி வைத்தால் 7 குழு வருகிறது. குழுவுக்கு 12 பேர் என்றால் 84 பேர். ஆனால் கீழே 5 வேன் நிற்கத்தான் இடம். அப்படியானால் 5 குழு, 60 பேர். கிடைத்த எண்களில் எது சிறியதோ அதுவே விதி. இப்படிப் படிப்படியாக வந்த எண்ணை எந்த அலுவலகத்திலும் விளக்க முடியும். "50 போதும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னால் முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும்.

காட்டெருமை நடமாட்டம் விடியலிலும் அந்தியிலும் அதிகம் என்பதால் அந்த நேர நடை வேண்டாம். மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் சைக்கிளும் ஜீப்பும் கூடாது, ஈர மண்ணில் ஒரு டயர் தடம் ஒரு பருவம் முழுக்க வாய்க்காலாக நிற்கும். கோடைக் காட்டுத்தீக் காலத்தில் வனத்துறை மூடும் தேதியே ஊர் விதியிலும் இருக்கட்டும். சேர்வராயன் கோயில் திருவிழா நாட்களில் தடம் நடந்து வரும் பக்தர்களுக்கு மட்டும்.

படி 7: சுற்றுலா நடத்துபவர்களுக்கான நிபந்தனைகள்

இவற்றைச் சுருக்கமாக, ஒரு பக்கத்தில் அடங்கும்படி எழுதுங்கள். 12 பேருக்கு ஒரு உள்ளூர் வழிகாட்டி, அன்றைய கூலி அன்றே. 48 மணி நேரத்துக்கு முன் தகவல். தீ மூட்டுதல், ஒலிபெருக்கி, மது கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடைசெய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவும் மேலே போகக் கூடாது. ஏறும்போது எண்ணி அனுப்பிய தண்ணீர்ப் புட்டி இறங்கும்போதும் எண்ணப்படும். மலம் கழிக்கப் போனால் ஓடையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. குழி தோண்டி மூட வேண்டும். ஊர்மக்களை, குறிப்பாக வேலை செய்யும் பெண்களையும் குழந்தைகளையும், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பெண்கள் அமர்வில் கேட்டுப் பாருங்கள், பேச நிறைய இருக்கும்.

கட்டணத்தில் கவனம் மிக மிகத் தேவை. மூங்கிலைக் குறுக்கே கட்டி, இளைஞர்கள் வண்டிக்கு 50 ரூபாய் வாங்கத் தொடங்கினால் அது சட்டவிரோத வசூல். நல்ல முயற்சி முழுவதும் காவல் நிலையத்தில் முடிந்துவிடும். ஊராட்சி நிலம் என்றால் ஊராட்சித் தீர்மானத்தோடு, ரசீதோடு, ஊராட்சிக் கணக்கில்தான் பணம் போக வேண்டும். காட்டு நிலத்தில் வனத்துறை வழியாக மட்டுமே. வழிகாட்டிக் கூலியும், சுய உதவிக் குழு சமைத்துத் தரும் உணவுக்கான விலையும் வேறு, அவை சேவைக்கான ஊதியம். நுழைவுக் கட்டணத்தோடு அவற்றைக் கலக்காதீர்கள்.

படி 8: கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. குறைவெண் வரம்பை, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதை, கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501–3,000 என்றால் 100, 3,001–10,000 என்றால் 200, அதற்கு மேல் 300. சிதறிக் கிடக்கும் மலை ஊர்களிலிருந்து 200 பேரைச் சேர்க்க வண்டி ஏற்பாடும் வேண்டும். வன உரிமைச் சட்டத்தின்படி எடுக்கும் தீர்மானத்துக்குக் கணக்கே வேறு: சபை உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இரண்டையும் ஒரே தீர்மானத்தில் குழைத்தால் இரண்டுமே செல்லாமல் போகும்.

"சுற்றுலாவை முறைப்படுத்த வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்ற ஒரு வரியால் எந்தப் பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்:

"இன்ன புல எண் முதல் இன்ன புல எண் வரையிலான 2.4 கி.மீ. நடைத்தடத்தில், கட்டணம் பெற்று அழைத்து வரப்படும் குழு நாளொன்றுக்கு 5, குழுவுக்கு 12 பேர், காலை 9 முதல் மாலை 3.30 வரை. மோட்டார் வாகனம் கூடாது. ஊராட்சி நிலத்தில் இது உடனடியாக நடைமுறைக்கு வரும். காப்புக்காட்டுப் பகுதிக்கு மாவட்ட வன அலுவலருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. பட்டா நிலப்பகுதிக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம் இணைப்பு. குறுக்குவெட்டு அளவு 10 சதவீதம் கூடினால் குழுக்கள் 3 ஆகக் குறைக்கப்படும். மறு ஆய்வு: அடுத்த அக்டோபர் 2."

ஒரு வாரத்துக்கு முன்பே கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். சபை முடிந்ததும், கையெழுத்துக்கு முன், தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எண்கள் காணாமல் போவது அந்த இடத்தில்தான்.

படி 9: எங்கே அனுப்புவது, எப்படித் தொடர்வது

நகல்கள் ஏற்காடு வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாட்சியர், வனச்சரக அலுவலர், மாவட்ட வன அலுவலர், மாவட்டச் சுற்றுலா அலுவலர், மாவட்ட ஆட்சியர் ஆகியோருக்கு. அஞ்சலில் என்றால் ஒப்புதல் அட்டையோடு. ஆட்சியருக்கான மனுவைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு போட்டு, "மேற்படி தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்புகளின் நகல்" கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தைத் தராது.

பிசகும் இடங்கள்

ஒரு தடத்தில் விதி வந்ததும் கூட்டம் பக்கத்துத் தடத்துக்கு நகரும். ஆகவே அடுத்த ஊராட்சிக்கு முதல் மாதமே தகவல் சொல்லி, அவர்களையும் ஆள் கணக்கு எடுக்கச் சொல்லுங்கள். வழிகாட்டி வேலை இரண்டு மூன்று குடும்பங்களுக்குள் சுருங்கிவிடும் அபாயமும் உண்டு. பெயர்களைப் பலகையில் எழுதி முறை வைத்து அனுப்புவதுதான் மருந்து, அந்த முறையைப் பெண்கள் குழு வைத்திருப்பது நல்லது. தனியாக வந்து நடக்கும் குடும்பத்தை மறிப்பது இன்னொரு தவறு. அவர்களிடம் விதியைச் சொல்லலாம், மஞ்சப்பை கொடுக்கலாம், தடுக்க அதிகாரம் கிடையாது.

முதல் ஆண்டு அளவை எடுத்தவர்களே இரண்டாம் ஆண்டும் அளக்கட்டும். முளைகள் காணாமல் போயிருக்கும், ஆகவே ஒவ்வொரு முளைக்கும் அருகிலுள்ள பெரிய மரம் அல்லது பாறையிலிருந்து தூரத்தையும் திசையையும் முதல் நாளே எழுதி வையுங்கள். அளவுப் புத்தகம் இரண்டு படி: ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று ஊரில்.